அஞ்சினான் புகலிடம்

தானம் நான்கு வகைப்படும் என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. ஆகார தானம், ஔடத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என அவற்றை வரிசையாகச் சொல்ல நம் பாட்டிமார் கற்றுத் தந்தனர். முதல் மூன்றையும் கண்ணால் காணலாம். இலையில் இட்ட சோற்றை அளக்கலாம். கொடுத்த மருந்தை எண்ணலாம். கற்பித்த பாடத்தைத் தேர்வு வைத்துச் சோதிக்கலாம். நான்காவதை எதைக் கொண்டு அளப்பது? ‘அஞ்சாதே’ என்று வாயால் சொல்லிவிட்டால் அபயம் கொடுத்ததாகிவிடுமா? அச்சம் இருப்பது பெறுபவர் நெஞ்சில். அங்கே கொடுப்பவர் கை எட்டுவதில்லை. அப்படியானால் அச்சமின்மையை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்தல் இயலுமா என்னும் ஐயம் எழுபது வயதைக் கடந்த பின்னர் ஒரு நாயின் பொருட்டு நமக்கு எழுந்தது. அவ்வையத்தையும், அது நம்மை இட்டுச் சென்ற இடத்தையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து வந்த நம் மகள், ஒரு பெண் நாயையும் உடன் அழைத்து வந்தாள். செம்பழுப்பு நிறம், நாட்டு நாய், மூன்று வயதிருக்கலாம். கட்டி முடிக்கப்படாத வீடு ஒன்றில் காவலுக்கென்று குட்டியாகக் கொண்டுவரப்பட்டு, குட்டையான கம்பியில் கட்டப்பட்டே வளர்ந்ததாம். வேலை நின்றுபோனபோது ஆட்கள் சென்றுவிட்டனர். நாய் கம்பியோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் சொல்லி, மகளும் அவள் தோழியரும் மீட்டு, மருத்துவம் செய்து, தடுப்பூசி இட்டு, கருத்தடையும் செய்வித்திருந்தனர். கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத வளையமாக ஒரு வடு இருந்தது. “ஆறு மாதம் உங்களிடம் இருக்கட்டும், அம்மா. நீங்கள் இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்” என்று சொல்லிவிட்டு மகள் ஊர் திரும்பினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய நமக்கு, சும்மா இருப்பதே அரிய பாடம் என்பது அப்போது விளங்கவில்லை.

வந்த அன்றே அது கட்டிலுக்கடியில், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன. நாம் குனிந்து பார்த்தால் தலையை வேறு புறம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய நம்மைக் கவனித்தது. கொட்டாவி விட்டது, உதட்டை நக்கிக்கொண்டது. அதைத் தூக்கக் கலக்கமென்றும் பசியென்றும் நினைத்தோம். அவை நாயின் அச்சக் குறிகள் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். பகலில் ஒரு வாய் உணவும் கொள்ளவில்லை. இரவில் விளக்கணைத்து வீடு அடங்கிய பிறகு, கிண்ணம் தரையில் உரசும் ஒலி கேட்கும். விடியலில் கிண்ணம் காலியாக இருக்கும். நாய் பழைய இடத்தில் இருக்கும்.

ஐந்தாம் நாள் நம் பொறுமை கரைந்தது. அழுக்கோடு கிடக்கிறதே, குளிப்பாட்டினால் தெம்பு வருமே என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டு, கழுத்துப் பட்டியைப் பிடித்து வெளியே இழுத்தோம். அது இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. மேலும் இழுத்தபோது மணிக்கட்டில் பல் பதிந்தது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொண்டோம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்பதால், தடுப்பூசி இடப்பட்ட நாயானாலும் இவ்வகையில் அசட்டை கூடாது. காயம் பத்து நாளில் ஆறியது. ஆனால் ஒரு கேள்வி ஆறாமல் நின்றது. நாம் அன்பு செய்யத்தானே போனோம்? அது ஏன் கடித்தது?

அடுத்த சில நாட்களில் விடையின் ஒரு பாதி கிடைத்தது. கூடத்தைப் பெருக்கத் துடைப்பத்தை எடுத்தோம். கட்டிலுக்கடியில் நகங்கள் தரையைப் பிராண்டும் ஒலி. கொடியில் துணி உலர்த்தக் கை உயர்த்தினோம். அப்போது வாசற்படி வரை எட்டிப் பார்த்திருந்த அது, உடலைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அடி விழும் என்று எதிர்பார்த்து, விழுமுன்னரே வாங்கிக்கொள்ள ஆயத்தமாகும் உடல் அது. அந்த உடலை நாம் முன்பே கண்டிருக்கிறோம் என்பது அக்கணத்தில் நினைவுக்கு வந்தது.

2022ஆம் ஆண்டில், நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழோடு வந்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். அண்டை ஊரில் அரிசி மண்டி நடத்துபவர். காலில் விழுந்து எழுந்தவரை வாழ்த்த வலக்கையை உயர்த்தினோம். அவர் தோள் ஒரு பக்கமாக ஒடுங்கியது. தலை சற்றே சாய்ந்தது. மறுநொடியே அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். “டீச்சர் கையைப் பார்த்தால் இன்றைக்கும் பயம்தான்” என்றார். அதனை ஒரு பாராட்டாகவே அன்று ஏற்றுக்கொண்டோம் என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. அந்தக் கையில் ஒருகாலத்தில் புளியம் மிளாறு இருந்தது.

அக்காலத்தில் அது தவறென்று எவரும் சொல்லவில்லை என்பது உண்மை. பெற்றோரே “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்” என்று ஒப்படைத்துச் செல்வார்கள். பள்ளிகளில் உடல்வழித் தண்டனையையும் மனத்துன்பம் தருதலையும் மத்திய அரசின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தது 2009ஆம் ஆண்டில்தான். ஆயினும் சட்டம் பின்னால் வந்தது என்பது நமக்கு விடுதலை தராது. எறும்பை மிதிக்காமல் நடக்கவும், இரவு உண்ணாமல் இருக்கவும் பிள்ளைப் பருவத்திலேயே பழகிய நாம், பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் பிரம்பு விழுவதை ஹிம்சை என்ற கணக்கில் ஏன் சேர்க்கவில்லை? பயனுக்காகச் செய்தோம் என்ற எண்ணமே கண்ணை மறைத்தது.

1970ஆம் ஆண்டு வாக்கில் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, உளவியல் பாடத்தில் ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் பற்றிப் படித்தோம். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன் ஓர் அறிகுறியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், பின்னர் அவ்வறிகுறிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பது தேர்வுக்கு எழுதிய விடை. நாம் பிற்காலத்தில் படித்தறிந்த செய்தி ஒன்று உண்டு. 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் வந்தது. கூண்டுகளில் இருந்த பாவ்லோவின் நாய்கள் நீரில் தத்தளித்துக் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. அதன்பின் அவற்றுள் சில, நெடுநாள் பழகிய பழக்கங்களை இழந்திருந்தன. அவை மெல்ல மீண்ட பிறகும், கதவிடுக்கின் வழியே சிறிதளவு நீரைக் கசியவிட்டபோது, தேறியிருந்த நாய் மீண்டும் நிலைகுலைந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். நாயின் உடலுக்கு அது வடியவில்லை.

மற்றுமோர் ஆய்வு 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாளர்களான மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். தம் செயலால் அதிர்ச்சியை நிறுத்த இயன்ற நாய்கள், பின்னர் வேறோர் இடத்தில் தாழ்ந்த தடுப்பைத் தாண்டித் தப்பக் கற்றன. என்ன செய்தும் நிறுத்த இயலாதிருந்த நாய்களில் பெரும்பாலானவை, தப்பும் வழி திறந்திருந்தும் படுத்தபடியே துன்பத்தை ஏற்றன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவ்விருவருமே தம் முடிவைத் திருத்தி எழுதினர். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பான நிலை. தன் செயலால் ஒன்றை மாற்ற இயலும் என்பதே உயிர் கற்றுக்கொள்ளும் பாடம் என்பது அவர்களின் புதிய முடிவு.

இவ்விடத்தில் அன்பர்கள் கேட்கக்கூடும்: வாயற்ற உயிர்களை வதைத்துப் பெற்ற அறிவை நாம் எடுத்தாளலாமா? அந்த ஆய்வு அறம் ஆகாது. அதனை வாழ்த்த நம்மால் இயலாது. ஆனால் அந்நாய்கள் பட்ட துன்பம் நடந்துவிட்டது. அதன் பாடத்தையும் புறக்கணித்து, மற்றொரு நாயை அறியாமையால் துன்புறுத்துவோமாயின் கடன் இரட்டிப்பாகும். கடன் பட்டவர் என்ற நினைவோடு பயன்படுத்துவதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்துடையோர் எழுதினால் பணிவோடு படிப்போம்.

அப்பாடத்தின் வழியே நம் பிழை தெளிவாயிற்று. நாம் அந்நாயைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தபோது, கம்பியில் கட்டியவர் செய்ததையே வேறு நோக்கத்தோடு செய்தோம். நோக்கம் நம் மனத்தில் இருந்தது. அதன் கழுத்தில் இருந்தது பட்டியின் இறுக்கம் மட்டுமே. தான் ‘வேண்டாம்’ என்றால் எதிரில் இருப்பவர் நிற்பார் என்னும் பாடத்தை அதற்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. பல்லால் சொல்லும்வரை நாமும் கேட்கவில்லை.

அதன்பின் நாம் செய்தவை மிகச் சிலவே. காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒரே கிண்ணத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்தோம். வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்து, அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கண்ணோடு கண் நோக்கவில்லை; தலைக்கு மேல் கை நீட்டவில்லை. துடைப்பத்தை அது காணும்படி தரையில் கிடத்தி, அருகில் ஒரு துண்டு இட்லி வைத்தோம். அது பின்வாங்கினால் நாமும் பின்வாங்கினோம். கிண்ணத்தை நாளுக்கு ஓர் அங்குலம் நகர்த்தியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். புலால் உண்ணும் இனத்தைச் சார்ந்த உயிரை நம் அடுக்களையில் வளர்ப்பது முறையா என்று கேட்டவர் உண்டு. ஓநாயைவிட மாவுப் பொருளைச் செரிக்கும் திறன் நாய்க்கு மிகுதி என்று 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு கூறுகிறது. மனிதரோடு வாழ்ந்து பெற்ற திறன் அது. கால்நடை மருத்துவரைக் கலந்து, தயிர்ச்சோறு, குழைய வேகவைத்த பருப்பு, பூசணி, அவர் சொன்ன சத்துப்பொருள் ஆகியவற்றைக் கொடுத்து, எடையையும் இரத்தத்தையும் அவ்வப்போது சோதிக்கச் செய்தோம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. அவை நம் வீட்டில் புழங்காதது அதற்கும் நலமாயிற்று. பூனைக்கு இது பொருந்தாது. அதன் உடற்கூறு வேறு. நம் நோன்பைப் பிற உயிர்மேல் சுமத்துமுன் அவ்வுயிரின் இயல்பை அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் நம் எதிரில் உண்டது. ஒரு மாதம் கழிந்தபின் ஒரு நாள், படித்துக்கொண்டிருந்த நம் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, மூச்சைக் கூட மெல்ல விட்டோம். அது மோந்துவிட்டுப் போய்விட்டது. அதுவரை அதற்குப் பெயரிடவில்லை. அன்று செவலை என்று அழைத்தோம். ஆவணியில் வாசற்படியைத் தாண்டியது. புரட்டாசியில் கீரைக்காரம்மாளைப் பார்த்து முதன்முதலாகக் குரைத்தது. குரைக்கும் நாயைக் கண்டு மகிழ்ந்த வீடு ஊரில் நம் வீடாகத்தான் இருக்கும். தன் குரலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நம்பிய உயிரன்றோ குரைக்கும்?

பின்னடைவும் வந்தது. பகவான் மகாவீரர் முக்தி பெற்ற நாளாக நாம் போற்றும் தீபாவளியன்று தெருவில் வெடிகள் வெடித்தன. செவலை மீண்டும் கட்டிலுக்கடியில் சுவரோடு ஒண்டியது. இரண்டு நாள் உணவில்லை. நான்கு மாத உழைப்பும் வீணாயிற்று என்று நாம் சோர்ந்தோம். பாவ்லோவின் கதவிடுக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அது தானே வந்து கிண்ணத்தருகே நின்றது. முதன்முறை பத்தொன்பது நாள் ஆன வழியை இம்முறை மூன்றே நாளில் கடந்துவிட்டது. அச்சம் மறையவில்லை, திரும்பிவரும் வழி அதற்குப் பழகியிருந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், “நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! அஞ்சி வாழும் மனிதர் எத்தனை பேர். அவர்களை விட்டுவிட்டு இதற்கா இத்தனை?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அவருடைய ஆறு வயதுப் பெயர்த்திக்கு நாயென்றால் நடுக்கம். ஆகவே அபயம் இருவருக்கும் உரியதாக வேண்டும். வெளியே செல்கையில் செவலைக்கு வாரிட்டோம். ஆண்டுதோறும் தடுப்பூசி இட்டோம். குழந்தை வரும் நேரத்தில் கதவைச் சாத்தினோம். குழந்தையை ‘தொட்டுப் பார்’ என்று எவரும் வற்புறுத்தக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டோம். அச்சப்படும் இரண்டு உயிர்கள் மூன்று மாதம் கம்பிக்கதவின் இருபுறமும் இருந்து ஒன்றையொன்று நோக்கின. இன்று அக்குழந்தை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள். மனிதருக்கு வேறு முறை, நாய்க்கு வேறு முறை என்று நமக்குத் தோன்றவில்லை. ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் ஆகிய நான்கு சஞ்ஞைகளும் உயிர்களுக்குப் பொது என்றல்லவா நம் ஆகமங்கள் கூறுகின்றன?

சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகும் வரலாற்றை நாம் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது சீவகனின் கருணையைப் புகழ்வோம். இறக்கும் உயிரின் அருகில் ஒரு நாழிகை அமர்வது பெருங்கருணை. அஞ்சியபடியே வாழும் உயிரின் அருகில் பல மாதம், அதனைத் தொடாமல் அமர்வதும் அக்கருணையின் மற்றொரு முகம் என்பதை அவ்வகுப்பில் நாம் சொன்னதில்லை. நமக்கே தெரிந்திருக்கவில்லை.

2025ஆம் ஆண்டு தசலக்ஷண விழா நிறைவுற்று க்ஷமாவணி நாள் வந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் ஆலயத்தில் ஒருவருக்கொருவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறோம். பெரும்பாலும் நாம் யாருக்கும் பெரிதாகத் தீங்கு செய்யாத இடத்தில்தான் அச்சொல் எளிதாக வருகிறது. இம்முறை பேருந்து ஏறி அண்டை ஊருக்குச் சென்று, அரிசி மண்டியில் அந்த மாணவர் முன் கைகூப்பினோம். அவர் பதறி எழுந்தார். “நீங்கள் அடித்தீர்கள், அதனால்தான் டீச்சர் நான் ஆளானேன்” என்றார். அந்த விடை நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓர் ஆண்டுக்கு முன் சொல்லியிருந்தால் பெற்றுக்கொண்டு வந்திருப்போம். “உன் திறமையால் ஆளானாய், அப்பா. அடி இல்லாமலும் ஆகியிருப்பாய்” என்றோம்.

அவர் சிறிது நேரம் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என் பையன் கல்லூரியில் படிக்கிறான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறான், டீச்சர்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. புளியம் மிளாறு எவ்வளவு தூரம் நீளும் என்பதை அன்று அறிந்தோம். செவலையின் கதையை அவருக்குச் சொன்னோம். பக்கவாட்டில் அமர்ந்திருந்த கதையை மட்டும் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.

இடைக்காலத் தமிழகக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றொரு தொடர் காணப்படுகிறது. அஞ்சி வந்தோரைக் காப்பதற்கென்று அறிவிக்கப்பட்ட இடம் அது. ‘அச்சம் நீங்கினான் இடம்’ என்று அவர்கள் பெயரிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அஞ்சுபவன் அச்சத்தோடே வரலாம், அச்சத்தோடே தங்கலாம். அவனைத் துரத்தக் கூடாது என்பது மட்டுமே அங்கே விதி. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நாம் கண்ட விடையும் இதுவே. அச்சமின்மையை அள்ளிக் கொடுக்க எவராலும் இயலாது. அதனை அவ்வுயிர் தானே, தன் காலத்தில் ஈட்ட வேண்டும். நம்மால் கொடுக்க இயன்றது, அஞ்சத் தக்கவராக நாம் இருப்பதைக் கைவிடுதல். உயர்த்திய கையைத் தாழ்த்துதலும், விலகும் உயிருக்கு வழிவிடுதலும், நாளை இதே நேரத்தில் இதே இடத்தில் இருப்போம் என்பதை நடந்து காட்டுதலும் அபய தானத்தின் அளவைகள்.

மகள் சொன்ன ஆறு மாதம் என்றோ முடிந்துவிட்டது. செவலை இங்கேயே இருக்கிறது. துடைப்பத்தைக் கண்டால் இன்றும் எழுந்து இரண்டடி விலகி நிற்கிறது; பெருக்கி முடித்ததும் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்துக்கொள்கிறது. அந்த இரண்டடியை நாம் மாற்ற முயலவில்லை.